எட்டு இதயங்களுக்கு நான் ஊற்றிய ஆசிட்

1. முதல் நாள்

திருப்பூர் சாய ஆலை ஒன்றின் லேபில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, அவிநாசி தாண்டி இருக்கும் ஒரு பார்மசி கல்லூரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். முதல் நாள் காலையிலேயே, உடம்பை விட்டு வெளியே வந்த ஓர் இதயம் துடிப்பதைப் பார்த்தேன். எலியின் இதயம். சுண்டைக்காயை விடப் பெரிது, நெல்லிக்காயை விடச் சிறிது. கண்ணாடிக் குழாயின் முனையில் நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மேலே ஒரு புட்டியிலிருந்து தண்ணீர் மாதிரி ஏதோ இறங்கி, அதற்குள் போய், கீழே சொட்டிக்கொண்டிருந்தது. இதயம் தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு யாருங்க சார் உசுரு குடுக்கறது?" என்று துறைத்தலைவர் கதிர்வேல் சாரிடம் கேட்டேன். கேட்ட பிறகு, இதென்ன அசட்டுக் கேள்வி என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "அந்தப் புட்டிதாங்கம்மா. நாளையிலருந்து அத ரொப்பறது உங்க வேலை" என்றார்.

அந்தப் புட்டியில் இருந்தது பி.எஸ்.எஸ். என்று நாங்கள் சொல்லும் உப்புக் கரைசல். ரத்தத்தில் இருக்கும் உப்புகளை ஏறக்குறைய அதே அளவில் தண்ணீரில் கரைத்தது. சமையல் உப்பு, பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம், கொஞ்சம் குளுக்கோஸ். இவற்றோடு சோடியம் பைகார்பனேட். ஆப்பத்துக்குப் போடுவோமே, அதே சோடாதான். துடிக்கிற இதயம் அமிலம் விடும். அந்த அமிலத்தைத் தாங்கிக்கொண்டு, அமிலம் கூடினால் இறங்கி காரம் கூடினால் ஏறும் பி.எச். அளவை 7.4-லேயே பிடித்து நிறுத்துவது பைகார்பனேட்டின் வேலை. பி.எச். கொஞ்சம் இறங்கினாலும் இதயம் சோர்ந்துவிடும்.

நான் கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்த வருடம் அப்பா படுக்கையில் விழுந்தார். நான் சாய ஆலைக்குப் போனேன். கூடப் படித்தவள் ஒருத்தி ஆராய்ச்சி முடித்து வைவா கொடுத்த கதையை என்னிடம் வந்து சொன்னாள். பெரியவர்கள் நாலு பேர் முன்னால் நின்று, அவர்கள் கேட்கக் கேட்கத் தனக்குத் தெரிந்ததைச் சொல்வது. அந்த ஒன்றுக்காக நான் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த இதயத்தைப் பார்த்தபோது, வாசல்படி வரைக்குமாவது வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைத்தேன்.

2. சாய ஆலையின் கை

பி.எச். விஷயத்தில் எனக்குத் திமிர் உண்டு. மறைப்பானேன், இன்றைக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

சாய ஆலையில் பனியன் துணியைப் பிளீச் செய்யும்போது காஸ்டிக் போடுவோம். பிறகு அசிட்டிக் ஆசிட் ஊற்றி அந்தக் காரத்தை முறிக்க வேண்டும். முறிக்காமல் விட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆசிட் ஊற்றியதும் மீட்டரில் பி.எச். இறங்கிவிடும். புதிதாக வந்தவர்கள் அதை நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். பத்து நிமிடத்தில் நூலுக்குள் ஒளிந்திருந்த காரம் மெல்ல வெளியே வரும், பி.எச். மறுபடி ஏறும். மறுபடி ஆசிட் ஊற்ற வேண்டும். ஏறாமல் நிற்கும் வரை விடக் கூடாது. இதைக் கோர் எடுப்பது என்போம்.

எனக்கு அந்தப் பொறுமை இருந்தது. எங்கள் டையிங் மாஸ்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைக் காட்டி, "இந்த அம்மிணி பக்கத்துல நின்னாப் போதும், பி.எச். ஏறாது. பயந்துக்கும்" என்பார். கேட்டுக் கேட்டு நானும் அதை நம்பிவிட்டேன்.

3. ஸ்டெல்லா

நான் கல்லூரிக்கு வந்து பல வருடம் கழித்து ஸ்டெல்லா ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். சாமளாபுரத்துப் பெண். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். ஒரு மூலிகைச் சாறு இதயத் துடிப்பை எப்படி மாற்றுகிறது என்பது அவளுடைய தலைப்பு. கதிர்வேல் சார்தான் அவளுக்கு வழிகாட்டி.

மயக்க மருந்து கொடுத்த எலியிலிருந்து இதயத்தை எடுத்ததும், அது துவண்டு போவதற்குள் அதன் பெரிய ரத்தக்குழாயைக் கண்ணாடி முனையில் மாட்டி நூலால் முடிச்சுப் போட வேண்டும். அந்தக் குழாய் கசங்கிய பட்டு நூல் மாதிரி இருக்கும். படித்த பெரியவர்களுக்கே கை நடுங்கும் இடம் அது. ஸ்டெல்லா ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ள மாட்டாள்.

"எப்படிக் கண்ணு கை வந்துச்சு?" என்று கேட்டேன்.

"தறியில அறுந்த இழைய முடிச்சுப் போட்டுப் போட்டு வந்ததுதானுங்க அக்கா. எங்கம்மா இதைவிட வேகமாப் போடுவாங்க."

மற்ற ஆராய்ச்சியாளர்கள் புட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வார்கள். இவள் மட்டும் "இருங்க அக்கா, பாத்துட்டுப் போங்க" என்பாள். கம்ப்யூட்டர் திரையில் இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் மேடும் பள்ளமுமான கோடாக ஓடும். இது சுருங்கும் வேகம், இது விரியும் வேகம் என்று விரல் வைத்துக் காட்டுவாள்.

ஒரு நாள் அவளே என்னைக் கேட்டாள். "ஏனுங்க அக்கா, கால்சியத்த மட்டும் கடைசியாப் போடறீங்க?"

"சோடாவோட மொதல்லயே போட்டா வெள்ளையாத் திரிஞ்சு போயிரும் கண்ணு. இங்க கொண்டாந்து சிலிண்டர்லருந்து கேஸ் விட்டதுக்கு அப்புறந்தான் போடோணும்."

"நீங்க மேல படிச்சிருக்கோணுமுங்க அக்கா" என்றாள்.

அன்றைக்கு பஸ்ஸில் அனுப்பர்பாளையம் வந்து இறங்கும் வரை அந்த ஒரு பேச்சையே நினைத்துக்கொண்டு வந்தேன். கண் கலங்கியதைத் தூசி என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லிச் சமாளித்தேன்.

ஓர் ஆராய்ச்சிக்கு எத்தனை எலி என்பதை எத்திக்ஸ் கமிட்டி முடிவு செய்யும். அதற்கு மேல் ஒன்றே ஒன்று வேண்டுமென்றாலும் தக்க காரணத்தை எழுதிக் கொடுத்து, கமிட்டி கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். ஓர் உயிரும் வீணாகக் கூடாது என்பதற்காக வைத்த விதி. அது சரியான விதி என்றுதான் இன்றும் சொல்வேன்.

4. கட்டம் போட்ட நோட்டு

ஸ்டெல்லாவின் வேலை பாதிக்கு மேல் முடிந்திருந்தபோது கல்லூரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருவதாகச் சொன்னார்கள். கதிர்வேல் சார் என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். நாள், பேட்ச், எத்தனை லிட்டர், பி.எச்., கையெழுத்து என்று கட்டம் போட்டிருந்தது. "ஒவ்வொரு பேட்ச்சுக்கும் எழுதிருங்கம்மா. ஒரு கட்டமும் காலியா இருக்கக் கூடாது" என்றார்.

அதுவரை உப்புகளை எடை போட்டுக் கரைத்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. பி.எச். அளந்தது கிடையாது. பி.எச். மீட்டர் இருந்தது நான் கரைசல் தயாரிக்கும் அறையில். கேஸ் சிலிண்டர் இருந்தது இதயம் கட்டும் அறையில். ஆக்சிஜனோடு ஐந்து சதவிகிதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த கேஸ் அது. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு நீள வராந்தா.

முதல் நாள் மீட்டரைக் கரைசலில் விட்டேன். 8.2 காட்டியது. சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் பி.எச். 7.4 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் 8.2 என்று எழுதக் கை வரவில்லை. யாரிடமாவது போய்க் கேட்டிருக்கலாம். பதினெட்டு வருடம் பி.எச்.சை மேய்த்தவள் போய்க் கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

தண்ணீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். 7.4 வந்தது. கரைசலைக் கலக்கும் ஸ்டிர்ரர் சுற்றிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 7.7. எனக்குச் சிரிப்பு வந்தது. உன்னை எனக்குத் தெரியாதா என்று இன்னும் கொஞ்சம் விட்டேன். மறுபடி ஏறியது, மறுபடி விட்டேன். அரை மணி நேரத்துக்கு மேல் நின்று, அது ஏறாமல் அடங்கிய பிறகு நோட்டில் 7.4 என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாதம் முழுக்க அப்படியே செய்தேன். அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தால் 7.4, 7.4 என்று வரிசையாக இருக்கும். எனக்கே பெருமையாக இருந்தது.

5. எட்டு இதயங்கள்

அந்த மாதம் இதயம் கட்டியது ஸ்டெல்லா மட்டும்தான். அவள் கட்டிய முதல் இதயம் சரியாகத் துடிக்கவில்லை. மருந்து கொடுப்பதற்கு முன்பே கோடு குட்டையாக ஓடியது.

"கட்டறதுக்குக் கொஞ்சம் நேரமாயிருச்சோ என்னமோங்க அக்கா" என்றாள். நேரமாகவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது இன்னும் மோசம். சிலிண்டரை மாற்றினார்கள். இதயத்தைக் கதகதப்பாக வைக்கும் வெந்நீரின் சூட்டைச் சரி பார்த்தார்கள். குழாயில் காற்றுக் குமிழி அடைத்திருக்கிறதா என்று பார்த்தார்கள். நூலைக்கூட மாற்றினாள். ஐந்தாவது இதயம் கெட்ட அன்று கதிர்வேல் சார் என்னிடம் வந்து, "சொல்யூஷன்ல ஏதாச்சும் மாத்தம் உண்டுங்களாம்மா?" என்று கேட்டார்.

நான் நோட்டை எடுத்து நீட்டினேன். "அளவெல்லாம் அதேதானுங்க சார். எல்லா பேட்ச்சும் 7.4. நீங்களே பாருங்க."

அவர் நாலு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் ஸ்டெல்லாவின் கையைத்தான் பார்த்தார்கள்.

எட்டாவது இதயம் பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. அது ஒரு வெள்ளிக்கிழமை. கமிட்டி கொடுத்ததில் இன்னும் ஆறு எலிகள்தான் மீதி இருந்தன. கதிர்வேல் சார் அந்த அறையில் வைத்தே சொன்னார்.

"ஸ்டெல்லா, வருத்தப்படாதீங்கம்மா. எல்லாருக்கும் எல்லா வேலையும் கை வராது. முன்னாடி வந்ததெல்லாம் ஏதோ வந்துருச்சு. மீதி ஆறையும் வீணாக்க வேண்டாம், இதய வேலைய நிறுத்திக்குவோம். கம்ப்யூட்டர்ல பண்ற மாதிரி வேற டாபிக் ஒண்ணு பாத்துக்கலாம். திங்கக்கிழமை வந்து எழுதிக் குடுத்துருங்க."

அவர் போன பிறகு ஸ்டெல்லா கண்ணாடிச் சாமான்களைக் கழுவ ஆரம்பித்தாள். கடைசிக் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்.

"எங்கப்பாகிட்ட என்னன்னுங்க அக்கா சொல்றது? மூணு வருசம் போயி, என் கை தறிக்குத்தான் லாயக்குன்னு கண்டுபிடிச்சுட்டு வந்தேன்னுங்களா?"

அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

6. 7.1

மீதிக் கரைசலைக் கொட்டுவதற்காக நான் தங்கினேன். மேல் புட்டியில் கேஸ் இன்னும் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. ஒரு பீக்கர் பிடித்து வராந்தா வழியாக என் அறைக்குக் கொண்டுவந்தேன். கொட்டுவதற்கு முன் மீட்டரைக் கழுவி வைக்கலாம் என்று எடுத்தவள், சும்மா அதில் விட்டுப் பார்த்தேன். 7.1 காட்டியது.

மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மீட்டரைச் சோதிக்க வைத்திருக்கும், பி.எச். மாறாமல் நிற்கும் பஃபர் கரைசல்களில் விட்டுப் பார்த்தால் சரியாகக் காட்டியது. மீட்டரைக் கையோடு தூக்கிக்கொண்டு போய், கேஸ் ஓடிக்கொண்டிருந்த புட்டியிலேயே விட்டேன். 7.1. அசையவில்லை.

புதிதாகக் கரைசல் போட்டேன். இந்த முறை ஆசிட் விடவில்லை. 8.2 இருந்தது. கேஸைத் திறந்துவிட்டு மீட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். 8.0 ஆனது. 7.8. 7.6. இருபது நிமிடத்தில் 7.4-க்கு வந்து நின்றது. இன்னும் அரை மணி நேரம் பார்த்தேன். அங்கேயே நின்றது. நான் ஒரு சொட்டும் விடவில்லை.

நடந்ததை இப்போது எளிதாகச் சொல்லிவிடலாம். பைகார்பனேட் ஒரு பக்கம் பி.எச்.சைத் தூக்கும். கேஸில் வரும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து மறுபக்கம் கீழே இறக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் 7.4. கேஸ் விடும் முன் 8.2 காட்டுவது தப்பே இல்லை, அப்படித்தான் காட்ட வேண்டும். நான் ஊற்றிய ஆசிட், பைகார்பனேட்டை உடைத்துக் கார்பன் டை ஆக்சைடு குமிழியாக வெளியே அனுப்பிவிட்டது. பி.எச். மறுபடி மறுபடி ஏறியது, அந்தக் குமிழி வெளியே போனதால். துணிக்குள் ஒளிந்த காரம் என்று நான் நினைத்தேன். அங்கே துணியே இல்லை. இதயத்துக்குப் போன புட்டியில் பைகார்பனேட் பாதிதான் இருந்தது. கேஸ் வந்து இறக்கியபோது தாங்க முடியாமல் 7.1-க்குப் போய்விட்டது.

எட்டு இதயங்கள் அதைக் குடித்துச் சோர்ந்து நின்றன. ஸ்டெல்லாவின் கையில் ஒரு குறையும் இல்லை.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். பேசாமல் ஆசிட்டை நிறுத்திவிட்டு, கேஸ் விட்ட பிறகு அளந்தால் போதும், நோட்டும் 7.4 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அந்த எண்ணம் எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை.

7. திங்கட்கிழமை

என் வீட்டுக்காரர் பாத்திரப் பட்டறையில் பாலிஷ் வேலை பார்ப்பவர். அதிகம் பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சொல்லாம உட்டா என்னாகும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகாதுங்க. அந்தப் புள்ள தன் கையே செரியில்லைன்னு நெனச்சுட்டுப் போயிரும்."

"அப்பச் சொல்லீரு" என்றவர், ரசம் கேட்டார்.

அவருக்கு அது அவ்வளவு சுலபமாக இருந்தது. எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம்கூடப் பெரிதாக இல்லை. அந்த அறைக்குள் இனிமேல் விட மாட்டார்கள், துடிக்கிற இதயத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க முடியாது. என் பயமெல்லாம் அதுதான்.

திங்கட்கிழமை கதிர்வேல் சாரின் அறையில் ஸ்டெல்லா எழுதிக்கொண்டு வந்த தாளோடு உட்கார்ந்திருந்தாள். நான் நோட்டை மேஜைமேல் வைத்தேன்.

"இதுல இருக்கற 7.4 பூராவும் ஆசிட் ஊத்தி வரவெச்சதுங்க சார்."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "எத்தன நாளா?"

"நீங்க நோட்டு குடுத்ததிலருந்துங்க."

"எட்டு உசுரும்மா."

"ஆமாங்க சார். எட்டும் என்னாலதானுங்க. ஸ்டெல்லா கட்டுனதுல ஒண்ணும் தப்பில்லீங்க."

ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆசிட் விட்டது ஒன்று, விடாதது ஒன்று என இரண்டு புட்டி போட்டு, கேஸ் விட்டு, சாரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னார். "நடந்தத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. காரணம் இல்லாம வேற எலி கேட்டு நான் கமிட்டி முன்னால போயி நிக்க முடியாது. அதை வெச்சு உங்க மேல நடவடிக்கை வரும். தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?"

"தெரிஞ்சுதானுங்க சார்."

எனக்கு மெமோ வந்தது. இதயம் கட்டும் அறைக்குள் நான் போகக் கூடாது என்று உத்தரவும் வந்தது. கமிட்டி இரண்டு முறை கூடி, என் கடிதத்தைப் படித்துவிட்டு, கெட்டுப்போன எட்டுக்கு ஈடாக எட்டு எலிகளை ஸ்டெல்லாவுக்கு அனுமதித்தது.

8. கதவுக்கு வெளியே

அதற்குப் பிறகு ஸ்டெல்லா தன் கரைசலைத் தானே தயாரித்துக்கொண்டாள். என் அறைக்கு வருவாள், உப்புகளை எடை போடுவாள், போய்விடுவாள். தராசின் முன்னால் நான் நின்றால் "கொஞ்சம் நகருங்க" என்பாள். அக்கா என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

இதயம் கட்டும் அறையின் கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் உண்டு. வராந்தாவில் போகும்போது அதன் வழியாகப் பார்ப்பேன். இதயம் தெரியாது, அவள் முதுகு மறைக்கும். திரையில் ஓடும் கோடு மட்டும் தெரியும். உயரமாக, ஒழுங்காக ஓடியது. எனக்கு அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வரும். உள்ளே போய்க் கேஸ் குமிழியிடும் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று இருக்கும். "இருங்க அக்கா, பாத்துட்டுப் போங்க" என்று அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சொல்ல மாட்டாளா என்று இருக்கும். ஒன்றரை வருடம் அப்படியே போனது.

9. வைவா

ஸ்டெல்லாவின் வைவா எங்கள் செமினார் ஹாலில் நடந்தது. நாற்காலி போடுவதும் தண்ணீர் பாட்டில் வைப்பதும் என் பொறுப்பு. அவளுடைய அப்பா அம்மா முன் வரிசையில் இருந்தார்கள். வேலை முடிந்தும் போக மனமில்லாமல் நான் பின்சுவர் ஓரமாக நின்றுகொண்டேன்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர். ஆய்வேட்டை வரி வரியாகப் படித்துவிட்டு வந்திருந்தார். செய்முறைப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"'எந்த நிலையிலும் ஆசிட் சேர்க்கப்படவில்லை. இருபது நிமிடம் கேஸ் செலுத்திய பிறகே பி.எச். அளக்கப்பட்டது'ன்னு எழுதியிருக்கீங்க. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. இவ்வளவு அழுத்தி எழுத வேண்டிய அவசியம் என்ன?"

கதிர்வேல் சார் மேஜையைப் பார்த்துக் குனிந்தார். ஸ்டெல்லா நிமிர்ந்து பதில் சொன்னாள்.

"அது தெரியாம எங்க லேப்ல எட்டு இதயம் வீணாப் போச்சுங்க சார். தப்பப் பண்ணுனவங்களும் அதக் கண்டுபிடிச்சவங்களும் ஒருத்தருதான். பின்னால நிக்கறாங்க. என்னை விட அவங்களுக்கு நல்லாத் தெரியும். அவங்களக் கேளுங்க சார்."

ஹாலில் எல்லாத் தலையும் திரும்பியது. தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைத் தேடிப் பிடித்தார். "சொல்லுங்கம்மா. என்ன நடந்துச்சு?"

கையில் மிச்சமிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தேன். சாய ஆலையில் கோர் எடுத்த பழக்கத்திலிருந்து தொடங்கி 7.1 வரை சொன்னேன். எதையும் விடவில்லை.

"சரி, ஆசிட் ஊத்தின அப்புறமும் பைகார்பனேட் கொஞ்சம் இருந்திருக்குமே. பஃபர் வேலை செய்யும்தானே. அப்புறம் ஏன் 7.4-ல நிக்கல?"

"பஃபர் இருந்துச்சுங்க சார். ஆனா கேஸ் அதே அளவு வந்துட்டு இருந்துச்சு. அதுக்கு ஈடு குடுக்கற பைகார்பனேட் பாதியாக் கொறஞ்சு போச்சு. ரெண்டுக்கும் உள்ள கணக்குதானுங்க பி.எச். கணக்கு மாறுனா நிக்கற எடமும் மாறிப் போயிருமுங்க."

அவர் பேனாவை மூடினார். "கேஸே இல்லாம ஒருத்தர் 7.4-ல நிறுத்தணும்னு வந்தா, என்ன சொல்வீங்க?"

"அவங்க வேற பஃபர் போட்டுக்கோணுமுங்க. பைகார்பனேட் கேஸ் இல்லாம நிக்காதுங்க சார்."

"கரெக்ட்" என்றார். ஸ்டெல்லாவைப் பார்த்து, "அந்த வரி இருக்கட்டும். எடுக்க வேண்டாம்" என்றார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

எல்லாம் முடிந்து போட்டோ எடுக்கும்போது ஸ்டெல்லா என் கையைப் பிடித்து இழுத்து, "வாங்க அக்கா, இங்க வந்து நில்லுங்க" என்றாள். அவளுடைய அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டாள். இப்போது அவள் வெளிநாட்டில் ஒரு லேபில் இதயம் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

நான் போன வருடம் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பி.எச்.சை எந்த இடத்தில் அளக்கிறோம், கேஸுக்கு முன்னாலா பின்னாலா என்பதையும் நோட்டில் எழுதுங்கள். அது ஏறினால் ஆசிட்டை எடுக்காதீர்கள், ஏன் ஏறுகிறது என்று கேளுங்கள். ஒரு வேலையில் பெயர் வாங்கிய கையை அடுத்த வேலைக்குள் அப்படியே கொண்டு போகாதீர்கள். தப்பு உங்களுடையது என்று தெரிந்துவிட்டால், அடுத்தவர் தன் கையைச் சந்தேகப்படுவதற்குள் போய்ச் சொல்லிவிடுங்கள்.

எனக்குக் கிடைத்தது மூன்று கேள்வி. மூன்றுக்கும் பதில் சொன்னேன். அதுதான் என் வைவா. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்தத் தேர்வாளர் இன்னும் என்னவெல்லாம் கேட்டிருக்கலாம் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருக்கிறேன். அவர் பக்கத்தைத் திருப்பாமல் நாலாவதாக ஒன்று கேட்டிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.